குந்தித் தின்றால் குன்றும் மாளும்!

"எரிவாயு வருகிறது! கொச்சிக் கரையிலே கப்பலிலிருந்து இறங்கி, குழாய்க்குள் புகுந்து, கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி என ஏழு மாவட்டங்களைக் கடந்து, பெங்களூர் வரை ஓடப் போகிறது! இனி உலைக்குக் கரி வேண்டாம், கொதிகலனுக்கு எண்ணெய் வேண்டாம். புகையில்லை, கரியில்லை, நீலச் சுடரிலே ஆலைகள் நிமிர்ந்து நிற்கும்!" என்று திட்டம் தீட்டியவர்கள் செப்பினர்.

"எங்கள் மாந்தோப்பைப் பிளந்து கொண்டல்லவா போகிறது, ஐயா! பாட்டன் வைத்த மரத்தை வெட்டி, பேரன் மரமே வைக்கக் கூடாது என்று எழுதி வாங்கிக் கொண்டல்லவா போகிறது!" என்று நிலத்துக்குரியவர்கள் கதறினர்.

இரு குரல்களும் நம் செவியில் விழுகின்றன. தொழில் வளர வேண்டும் என்பதிலே நமக்கு இரண்டாம் கருத்து கிடையாது. ஓசூரின் சிப்காட் தொழிற்பேட்டை 1970களில் எழுந்தபோது மகிழ்ந்தவர்கள் நாம். 1980-இல் அங்கே லாரியும் மொபெட்டும் பிறந்தபோது பூரித்தவர்கள் நாம். ஆகவே, 'வளர்ச்சிக்குப் பகைவர்கள்' என்ற பட்டத்தை எவரும் நமக்குச் சூட்ட வேண்டாம். அது நம் தலைக்குப் பொருந்தாது.

ஆனால், இந்த இரு குரல்களுக்கும் நடுவே, கேட்கப்படாமலே கிடக்கும் கேள்வி ஒன்று உண்டு. அதை நாம் கேட்கிறோம். வருகிறது, வருகிறது என்கிறீர்களே, எத்தனை காலத்துக்கு வரும் அந்த எரிவாயு?

எடுப்பா, உற்பத்தியா?

எரிவாயு என்றதும் தாய்மார்கள் அடுப்பங்கரைச் சிலிண்டரை எண்ணுவர். அது வேறு. சிலிண்டரில் இருப்பது புரொப்பேன், பியூட்டேன் என்னும் வாயுக்கள். அழுத்தித் திரவமாக்கி அடைத்து வைத்தவை. குழாயிலே ஓடுவது மீத்தேன். ஒரு கரி அணு, அதைச் சூழ நான்கு ஹைட்ரஜன் அணுக்கள். எளிய பொருள்தான். ஆனால், அது பிறந்த கதை எளிய கதை அல்ல.

மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்னே, கடலிலே மிதந்து திரிந்த கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள், கதிரவன் ஒளியை உண்டு வளர்ந்தன, மடிந்தன, சேற்றோடு சேறாய்க் கடலடியில் படிந்தன. அவற்றின் மேல் மண் படிந்தது, மணல் படிந்தது, அடுக்கின் மேல் அடுக்காகப் பாறை படிந்தது. காற்றுப் புகாத அந்த ஆழத்திலே, பூமியின் வெப்பம் அவற்றை வேக வைத்தது. மேலிருந்த பாரம் நெருக்கிப் பிழிந்தது. கோடி ஆண்டுகள் சமைத்த சமையலில், ஒரு பங்கு எண்ணெயாயிற்று. ஒரு பங்கு வாயுவாயிற்று. மேலே நழுவ முயன்ற வாயு, கெட்டிப் பாறை மூடிய இடங்களில் சிறைப்பட்டது. அந்தச் சிறையைத் துளையிட்டுத் திறந்துதான் இன்று அடுப்புக்கும் ஆலைக்கும் கொண்டு வருகிறோம். நிலக்கரியைப் போலவே, கச்சா எண்ணெயைப் போலவே, இதுவும் புதைபடிவ எரிபொருள்.

எண்ணெய்க் கம்பெனிகளின் ஆண்டறிக்கையைப் பாருங்கள். 'எரிவாயு உற்பத்தி இவ்வளவு' என்று பெருமையோடு எழுதியிருப்பார்கள். உற்பத்தியா அது? ஒரு விதையை ஊன்றி நூறாக்குகிறானே உழவன், அதுவன்றோ உற்பத்தி! நூலை ஆடையாக்குகிறானே நெசவாளி, அதுவன்றோ உற்பத்தி! இருந்ததை எடுத்தார்கள், எடுத்ததை எரித்தார்கள், எரித்தது போயிற்று. எந்த ஐந்தாண்டுத் திட்டத்தாலும், எந்த நிபுணர் குழுவாலும், எரிந்த மீத்தேனை மறுபடி மண்ணுக்கடியில் வைக்க முடியாது. இயற்கை மறுபடி சமைத்துத் தரட்டும் என்று இலை போட்டுக் காத்திருந்தால், இன்னொரு பல கோடி ஆண்டு காத்திருக்க வேண்டும்!

வட்டியைச் செலவழிப்பவன் வாழலாம். முதலைச் செலவழிப்பவன், எத்தனை பெரிய முதலாயினும், ஒருநாள் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டித்தான் பார்ப்பான். குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்றனர் நம் முன்னோர். மண்ணடிக் குன்றுக்கு மட்டும் அந்த விதி மாறிவிடுமா?

வற்றிய ஊற்றுகள்

"அச்சமூட்டாதீர்! ஆண்டுதோறும் புதுப்புது ஊற்றுகளைக் கண்டுபிடித்துக் கொண்டுதானே இருக்கிறார்கள்?" என்பர் சிலர். கண்டுபிடித்த கதைகள் இரண்டைச் சொல்கிறோம். கேட்டுவிட்டு அவர்களே தீர்ப்புக் கூறட்டும்.

முதற்கதை, நம் பக்கத்து ஆந்திரத்திலே. காக்கிநாடாவுக்கு அப்பால், ஆழ்கடலிலே, கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் 2002-இல் பெரும் எரிவாயு வளம் கண்டுபிடிக்கப்பட்டது. கொண்டாட்டம் என்றால் கொண்டாட்டம்! நாட்டின் எரிபொருள் பஞ்சமே தீர்ந்தது என்றனர். நாளொன்றுக்கு 8 கோடி கன மீட்டர் வரும் என்று கணக்கிட்டனர். 2009 ஏப்ரலில் வாயு வந்தது. 2010-இல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 6 கோடி கன மீட்டர் வரை ஏறிற்று. அதுவே உச்சி! அதன் பின் சரிவு, சரிவு, மேலும் சரிவு. 2020 பிப்ரவரியில், முதலில் திறந்த அந்த வயல்களை மூடியே விட்டனர். ஒரு தென்னம்பிள்ளை வளர்ந்து நிலையாகக் காய்க்கிற காலத்துக்குள், ஒரு 'பெருவளம்' பிறந்து, வளர்ந்து, மாண்டும் போயிற்று. பக்கத்திலே வேறு ஊற்றுகளைப் பின்னர் திறந்தனர் என்பது உண்மை. வற்றியது வற்றியதுதான் என்பதும் உண்மை.

அந்த வாயுவை நம்பி என்ன செய்தார்கள் தெரியுமோ? மின் நிலையங்களைக் கட்டினார்கள்! இந்தியாவில் எரிவாயுவால் இயங்கும் மின் நிலையங்களின் மொத்தத் திறன் ஏறத்தாழ 25,000 மெகாவாட் அளவுக்கு உயர்ந்தது. அவற்றிலே பெரும்பகுதி, வாயு கிடைக்காமலும், கிடைத்த வாயு கட்டுபடியாகாமலும், ஆண்டுக்கணக்கில் கைகட்டி நின்றன. வங்கியிலே கடன், வாசலிலே பூட்டு! விருந்துக்கு வருவான் என்று பந்தல் போட்டார்கள். மாப்பிள்ளை பாதி வழியிலேயே திரும்பி விட்டான்!

இரண்டாம் கதை, ஐரோப்பாவிலே. நெதர்லாந்து நாட்டில் குரோனிங்கன் என்ற இடத்தில் 1959-இல் எரிவாயு கண்டனர். ஐரோப்பாவின் மாபெரும் வயல் அது. வீட்டுக்கு வீடு குழாய் போட்டனர். கருவூலத்தில் பணம் கொட்டிற்று. ஆனால் உள்ளிருந்ததை உறிஞ்ச உறிஞ்ச, மேலிருந்த மண் அமிழ்ந்தது, நிலம் நடுங்கிற்று, வீடுகளின் சுவர்கள் விரிந்தன. மக்கள் போராடினர். 2023 அக்டோபர் 1-ஆம் நாள் எடுப்பை நிறுத்தினர். 2024-இல் சட்டமே இயற்றி நிரந்தரமாக மூடினர். சுமார் 60 ஆண்டுகள் வாழ்ந்தது அந்தச் செல்வம்!

உலகம் முழுவதற்குமான கணக்கும் ஆறுதல் தருவதாய் இல்லை. கண்டறிந்து உறுதி செய்த இருப்பை, இன்றைய வேகத்தில் எடுத்தால், ஏறத்தாழ 50 ஆண்டுகளுக்கு வரும் என்பதே பொதுவான மதிப்பீடு. புதிய ஊற்றுகள் கிடைத்தால் கூடும். எடுக்கும் வேகம் ஏறினால் குறையும். இன்று கிருஷ்ணகிரிப் பள்ளியிலே ஐந்தாம் வகுப்புப் படிக்கும் சிறுவன் முதியவனாகும் காலம் அது. அவ்வளவுதான்!

சட்டம் கொடுத்த பத்தும், பறித்த முழுதும்

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். 2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்து பிறந்தது கிருஷ்ணகிரி மாவட்டம். காவேரிப்பட்டினம், பர்கூர், ஊத்தங்கரை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் மாந்தோப்பு. பெங்களூரா, நீலம், செந்தூரா, அல்போன்சா என வகை வகையாய்க் கனிகள். இங்கே பிழியும் மாங்கூழ் கடல் கடந்து செல்கிறது. ஒரு மாங்கன்று காய்க்க ஐந்தாண்டு ஆகும். காய்க்கத் தொடங்கினால் தலைமுறை தாண்டியும் தரும். வெயில் உண்டு, மழை உண்டு, எரு உண்டு. அடுத்த ஆண்டும் காய் உண்டு. பொருளாதாரப் புலவர்கள் 'புதுப்பிக்கத்தக்க வளம்' என்று புதுப்பெயர் சூட்டுகிறார்களே, அதை நம் உழவன் பன்னெடுங்காலமாகத் தோப்பிலே வளர்த்து வருகிறான்!

அந்தத் தோப்புகளின் ஊடேதான் கெயில் எனும் பொதுத்துறை நிறுவனம் குழாய்ப் பாதை வகுத்தது. கொச்சி முதல் பெங்களூர் வரையிலான திட்டத்தில், தமிழகத்தில் மட்டும் சுமார் 310 கிலோமீட்டர். இதற்குத் துணை நின்ற சட்டம் 1962-இல் டில்லியிலே இயற்றப்பட்ட பெட்ரோலியக் குழாய்ச் சட்டம். மிகக் கெட்டிக்காரச் சட்டம் அது!

"நிலத்தை நாங்கள் எடுக்கவில்லையே! நிலம் உன்னுடையதுதான். பட்டா உன் பெயரில்தான். அடியிலே குழாய் போட்டுக் கொள்ளும் 'பயன்பாட்டு உரிமை' மட்டும் எங்களுக்கு" என்கிறது சட்டம். கேட்க இனிக்கிறது. அடுத்த வரியைப் படித்தால்தான் கசக்கிறது. அந்தப் பாதையிலே வீடு கட்டக் கூடாது. கிணறு வெட்டக் கூடாது. குளம் தோண்டக் கூடாது. மரம் வைக்கக் கூடாது! நிலம் உன்னுடையது; ஆனால் நீ அதிலே நிலத்துக்குரியவனாக நடந்து கொள்ளக் கூடாது! பெண் உன் வீட்டுப் பெண்தான், பேசத்தான் கூடாது என்பது போல் இருக்கிறதல்லவா?

இதற்கு விலை என்ன? வெட்டிய மரத்துக்கும் அழிந்த பயிருக்கும் தனியே ஈடு உண்டு, மறைக்கவில்லை. ஆனால் அந்த உரிமைக்காகச் சட்டத்தின் எழுத்து வகுத்த தொகை, நிலத்தின் சந்தை மதிப்பிலே 10 விழுக்காடு. ஒரே ஒரு முறை!

கணக்குப் போடுங்கள், தோழர்களே. பாதையின் அகலம் 20 மீட்டர். ஒருவர் தோப்பிலே 200 மீட்டர் நீளத்துக்குக் குழாய் போகிறது என்று வைத்துக் கொள்வோம். 4,000 சதுர மீட்டர். ஏறத்தாழ ஒரு ஏக்கர்! மரத்துக்கு மரம் 10 மீட்டர் இடைவெளி விட்டு நடுகிற பழைய வழக்கப்படி, ஒரு ஏக்கருக்கு 40 மாமரம். இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு உழவனுக்கு அதுவே பாதி வாழ்வு. சாலை ஓர வீட்டுக்காரர் மொட்டை மாடியிலே கைப்பேசிக் கோபுரம் வைக்க இடம் கொடுத்தால் மாதந்தோறும் வாடகை வருகிறது. கோபுரம் அவர் வீட்டிலே நிற்கும் வரை வாடகை நிற்காது. மண்ணுக்கடியிலே குழாயைச் சுமக்கும் உழவனுக்கு மட்டும் ஒருநாள் கூலி, ஆயுள் சுமை! இது எந்த ஊர் நியாயம்?

அச்சமும் சேர்ந்து கொண்டது. வெறும் கற்பனை அச்சமும் அல்ல. 2014 ஜூன் 27-ஆம் நாள், ஆந்திரத்தின் கிழக்குக் கோதாவரி மாவட்டத்தில் நகரம் என்னும் சிற்றூரில், எரிவாயுக் குழாய் கசிந்து, விடியற்காலையிலே தீப்பிழம்பாகி, 20-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அந்தச் செய்தியைப் படித்த உழவன், தன் வயலுக்கடியில் குழாய் வருகிறது என்றால் நிம்மதியாய் உறங்குவானா?

கோட்டையின் ஆணையும் டில்லியின் சட்டமும்

உழவர்கள் எழுந்தனர். ஏழு மாவட்டத்திலும் எழுந்தனர். அவர்கள் 'குழாயே கூடாது' என்று கூறினார்களா? இல்லை. "நெடுஞ்சாலை இருக்கிறதே! சேலத்திலிருந்து தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூர் வரை நீண்டு கிடக்கிறதே! அதன் ஓரமாகக் கொண்டு போங்கள்" என்றனர். ஏரோட்டும் மக்கள் சொன்ன ஏற்புடைய யோசனை! 2013-இல் மாநில அரசு உழவர்களை அழைத்துக் கருத்துக் கேட்டது. விளைநிலத்தை விட்டு விலகி நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டு செல்லுமாறு ஆணையும் பிறப்பித்தது. அன்று முதலமைச்சர் ஜெயலலிதா. எந்தக் கட்சி ஆண்டபோது பிறந்த ஆணை என்று நாம் பார்க்கவில்லை. எவர் கண்ணீரைத் துடைக்கப் பிறந்தது என்று பார்க்கிறோம்.

நிறுவனம் நீதிமன்றம் சென்றது. அதே 2013-இல் சென்னை உயர்நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. 2016 பிப்ரவரி 2-ஆம் நாள் உச்சநீதிமன்றமும் மாநில அரசின் முறையீட்டைத் தள்ளிற்று. நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் கீழ் நடைபெறும் வேலை. மாநிலம் குறுக்கே நிற்க அதிகாரமில்லை! தீர்ப்பைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. சட்டம் எப்படியோ அப்படித்தான் தீர்ப்பு. நாம் குறை கூறுவது அந்தச் சட்டத்தை! மண் நம் மாநிலத்து மண். மரம் நம் மாநிலத்து மரம். மடிபவன் நம் மாநிலத்து உழவன். ஆனால் குழாய் எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்று சொல்லும் உரிமை மட்டும் நம் கோட்டைக்கு இல்லை!

மடிபவன் என்றது வெறும் அலங்காரச் சொல் அல்ல. 2022 ஏப்ரலில், பக்கத்துத் தருமபுரி மாவட்டத்தின் பாலக்கோடு பகுதியில், நிலத்தை அளக்க வந்ததை எதிர்த்துப் போராடிய உழவர் ஒருவர் தம் உயிரையே மாய்த்துக் கொண்டார். எத்தனை குழாய் போட்டாலும், எத்தனை சுடர் எரிந்தாலும், அந்த வீட்டில் அணைந்த விளக்கை ஏற்ற முடியுமா?

மறுபக்கத்தையும் பார்ப்போம்

ஒரு பக்கத்தை மட்டும் பேசுவது வழக்குரைஞர் வேலை. நாம் மக்கள் மன்றத்தில் பேசுகிறோம். மறுபக்கத்தையும் பேசியாக வேண்டும்.

எரிவாயு, கரியைவிடத் தூயது. ஒரே அளவு வெப்பத்துக்கு, நிலக்கரி உமிழும் கரியமில வாயுவிலே ஏறத்தாழ பாதியைத்தான் இது உமிழ்கிறது. சாம்பல் இல்லை, கந்தகப் புகை மிகக் குறைவு. ஓசூர் ஆலைகளில் இரும்பைக் காய்ச்சும் உலைக்கும், வண்டிகளுக்குப் பூசிய வண்ணத்தை உலர்த்தும் அடுப்புக்கும், சீரான சூடு வேண்டும். டீசலையும் உலை எண்ணெயையும் எரிப்பதைவிட வாயுவை எரிப்பது தொழிலாளியின் நெஞ்சுக்கும் நல்லது. இவற்றையெல்லாம் நாம் மறுக்கவில்லை. ஆனால் எரியாமல் கசிந்த மீத்தேன், 20 ஆண்டுக் கணக்கில், கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ 80 மடங்கு பூமியைச் சூடாக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழு உண்மை.

தூயது என்றே கொள்வோம். நம்முடையதா? இந்தியா எரிக்கும் வாயுவிலே ஏறத்தாழ பாதி, வெளிநாட்டிலிருந்து வாங்கியது. கொச்சியில் இறங்குவது எங்கிருந்து வருகிறது? கடல் கடந்து வருகிறது. மைனஸ் 162 டிகிரிக்குக் குளிரூட்டி, 600 பங்கை ஒரு பங்காகச் சுருக்கித் திரவமாக்கி, கப்பலிலே ஏற்றிக் கொண்டு வருகிறார்கள். நமக்கு அதிகமாக விற்கும் நாடு கத்தார். அந்தக் கப்பல்கள் ஹோர்முஸ் என்ற குறுகிய நீரிணையைத் தாண்டித்தான் வர வேண்டும். அங்கே ஒரு வெடிச் சத்தம் கேட்டால் இங்கே உலைக்காரருக்கு உறக்கம் கெடும். விலையோ? ஆசியச் சந்தையில் 2020-இல் ஓர் அளவைக்கு 2 டாலருக்கும் கீழே கிடந்தது, உக்ரைன் போர் மூண்ட 2022-இல் 70 டாலருக்கும் மேலே பாய்ந்தது! மூகண்டப்பள்ளியிலே பட்டறை வைத்திருக்கும் சிறு முதலாளிக்கு உக்ரைனிலே என்ன வழக்கு? ஆனாலும் வாயுவை நம்பினால் விலையிலே அபராதம் உண்டு!

பெங்களூருக்கோ எரிவாயு ஏற்கெனவே வந்து விட்டது. மராட்டியத்தின் தாபோலிலிருந்து ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் குழாய் 2013 முதல் இருக்கிறது. திருவள்ளூரிலிருந்து பெங்களூருக்கு 271 கிலோமீட்டர் குழாய், 2022 மே மாதம் திறந்து வைக்கப்பட்டது. இந்நிலையில், மாந்தோப்பை வெட்டித்தான் தீர வேண்டும் என்னும் அவசரம் ஏன் என்று கேட்பது குற்றமா?

அவசரத்தின் அடியிலே கிடக்கும் பிழை இதுதான்: தீரப் போகும் பொருளைத் தீராத பொருள் போல் நடத்துகிறார்கள். நாட்டின் எரிபொருளில் எரிவாயுவின் பங்கை 2030-க்குள் 15 விழுக்காடாக்குவோம் என்றார்கள். கத்தாரிடம் 2028 முதல் 20 ஆண்டுக்கு, ஆண்டுக்கு 75 லட்சம் டன் வாங்க 2024-இல் ஒப்பந்தமிட்டார்கள். 2048 வரை பந்தி போட்டாயிற்று. 2049-இல் யார் வீட்டு வாசலில் நிற்பது? அதைச் சொல்லக் காணோம்!

முடிவதை வைத்து முடியாததை வளர்!

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்? குறை கூறிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக் கொண்டு போகிறவர்கள் அல்லோம் நாம். மூன்று கோரிக்கைகளை முன் வைக்கிறோம்.

ஒன்று: குழாய் சாலையோரம் செல்லட்டும். செலவு கூடும் என்பர். கூடட்டும். அந்தச் செலவை வாயுவை வாங்கும் ஆலைகளும் நகரங்களும் பங்கிட்டுக் கொள்ளட்டும். வாயுவே வாங்காத உழவன் தலையில் அதை ஏற்ற வேண்டாம். தவிர்க்கவே முடியாமல் வயலில் நுழைந்தால், ஆண்டுதோறும் வாடகை கொடுக்கட்டும். குழாயில் வாயு ஓடும் வரை, உழவன் கையில் காசும் ஓடட்டும். ஊற்று வற்றி, குழாய் வெறுங்குழாய் ஆகும் நாளில், அதைத் தோண்டி எடுத்து, மண்ணைச் சீர்ப்படுத்தி, மரம் வைக்கும் உரிமையைத் திருப்பித் தரும் பொறுப்பும் சட்டத்திலே எழுதப்படட்டும்.

இரண்டு: தீரும் செல்வத்திலிருந்து கிடைக்கும் வருவாய், தீராத செல்வத்தைக் கட்ட வேண்டும். நார்வே நாட்டைப் பாருங்கள். கடலடி எண்ணெயும் வாயுவும் விற்ற காசைக் கண்டபடி கரைக்காமல், 1990-இல் சட்டம் செய்து, 1996 முதல் ஒரு நிதியிலே சேர்த்து வருகிறது. இன்று உலகின் மிகப் பெரிய அரசு நிதிகளில் ஒன்று அது! ஊற்று வற்றினாலும் நார்வேயின் பேரப் பிள்ளைகள் பசித்திருக்க மாட்டார்கள். இங்கோ, காவிரிப் படுகையிலே எடுத்த வாயு குத்தாலத்திலும் திருமாக்கோட்டையிலும் வழுதூரிலும் மின்சாரமாயிற்று, நல்லதே. அந்த வருவாயிலே 'வற்றிய பின் வாழ' என்று ஒதுக்கிய பங்கு எது? கேட்கிறோம், பதில் தேவை!

மூன்று: இதே மீத்தேனைக் கிருஷ்ணகிரியே தரும்! ஆம், தோழர்களே. மாங்கூழ் ஆலைகளில் கூழ் போக எஞ்சும் தோலும் கொட்டையும் மலைபோல் குவிகின்றன. வீட்டுக்கு வீடு மாடு உண்டு, சாணம் உண்டு. ராயக்கோட்டைச் சந்தையிலே விலை போகாத தக்காளியைக் கொட்டிவிட்டுக் கண்ணீரோடு திரும்பும் நாட்கள் உண்டு. இவற்றைக் காற்றுப் புகாத தொட்டியில் இட்டால், நுண்ணுயிர்கள் சில வாரங்களிலே வாயுவாக்கித் தருகின்றன. கோடி ஆண்டு வேலையைச் சில வாரங்களில்! அந்த வாயுவைத் தூய்மை செய்தால் கிடைப்பது, கத்தாரிலிருந்து கப்பலேறி வருகிறதே அதே மீத்தேன். கசடு, எருவாகி வயலுக்குத் திரும்பும். நாமக்கல் அருகே புதுச்சத்திரத்தில் கழிவிலிருந்து இத்தகைய எரிவாயு எடுக்கும் நிலையம் அமைந்திருக்கிறது. நாமக்கல்லுக்கு முடிந்தது கிருஷ்ணகிரிக்கு முடியாதா? ஓசூர் ஆலைகளின் தேவை முழுவதையும் இது தீர்த்து விடும் என்று நாம் பொய் சொல்ல மாட்டோம். ஆனால் இந்த ஆண்டு எடுத்ததை அடுத்த ஆண்டும் எடுக்கலாம். அடுத்த தலைமுறையும் எடுக்கலாம்.

மீதித் தேவைக்குக் காற்றும் கதிரவனும் உண்டு. 1980களிலேயே காற்றாலைக்குக் கால்கோள் இட்ட மாநிலம் தமிழ்நாடு. ஆரல்வாய்மொழிக் கணவாயிலே வீசும் காற்றுக்கு எவரும் ரசீது போடுவதில்லை! மொபெட் பிறந்த ஓசூரில் இன்று மின்சார ஸ்கூட்டர்கள் பிறக்கின்றன, போச்சம்பள்ளியிலும் பிறக்கின்றன. அந்த வண்டிகளுக்கு ஊட்டும் மின்சாரமும் கரியிலிருந்தும் வாயுவிலிருந்தும் வந்தால் பெயர்ப் பலகைதான் மாறும்; வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் வந்தால் விதியே மாறும்.

எரிவாயுவைத் தொடவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. அக்கரை சேரும் வரை பரிசல் வேண்டும். பரிசலிலேயே குடும்பம் நடத்த எவனும் வீட்டை விற்பதில்லை!

வீட்டில் நெல் குதிர் இருக்கிறது. பஞ்சத்திலே அதிலிருந்து எடுத்துச் சமைக்கலாம், தவறில்லை. ஆனால் எடுத்ததைத் தின்று தெம்பு பெற்றவன், வயலில் இறங்கி உழ வேண்டும். குதிரிலே நெல் இருக்கிறதென்று ஏரை விற்றுவிட்டுத் திண்ணையிலே சாய்ந்தால், அவனை ஊர் என்ன பெயர் சொல்லி அழைக்கும்? ஏரை விற்பதையும் தாண்டி, வயலையே வெட்டிக் குதிருக்குப் பாதை போடும் வேலையல்லவா இங்கே நடக்கிறது!

ஆளும் பொறுப்பிலே இருப்போரே, டில்லியிலே அமர்ந்து வரைபடத்தில் கோடு கிழிப்போரே! அடுத்த கோடு கிழிக்கும் முன் ஒருமுறை கிருஷ்ணகிரிக்கு வாருங்கள். சித்திரையிலே வாருங்கள். மரத்தடியிலே உங்களை உட்கார வைத்து, அறுத்த மாம்பழத்தைத் தட்டிலே வைத்து, எங்கள் உழவன் ஒரே ஒரு கேள்வி கேட்பான்: "ஐயா, அடுத்த சித்திரையிலும் இந்த மரம் காய்க்கும். உங்கள் குழாய் எத்தனை சித்திரைக்கு?"

பதிலை எழுத்தில் கொண்டு வாருங்கள்.